கணினித் திரையிற் பாயிரம்

நாட்டு மருந்துக் கடையொன்றினுட் புகுந்து பார்ப்போர், சுவரை மறைத்து நிற்கும் சிற்றறைப் பெட்டிகளையும், அவற்றின் முகத்தில் ஒட்டப்பெற்ற சிறு சீட்டுக்களையும் காண்பர். திப்பிலியும் சித்தரத்தையும் அதிமதுரமும் தத்தம் அறைகளில் அடங்கிக் கிடக்க, கடைக்காரர் சீட்டை நோக்கிய அளவிலே வேண்டியதை எடுத்து நிறுத்துத் தருகின்றார். ஓரிரவில் அச்சீட்டுக்கள் அனைத்தும் உதிர்ந்துபோயின என்று வைத்துக்கொள்வோம். மருந்து ஒன்றேனும் குறைந்திலது. ஆயினும், மறுநாட் காலையில் வரும் நோயாளிக்கு அக்கடை வெறுங்கடையே. பொருள் இருத்தல் வேறு. வேண்டுவார்க்கு அது கிட்டுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது ஒரு துண்டுச் சீட்டே.

இக்காலத்துக் கல்விப் பொருள்களுட் பெரும்பகுதி கணினிவழி வருகின்றது. பழைய நூல்களின் படப்பிரதிகள், ஆசிரியர் விரிவுரையின் ஒலிப்பதிவுகள், காணொளிகள், வினாத்தாள்கள் என அவை பலதிறப்படும். இவை ஒவ்வொன்றிற்கும் பெயர், ஆசிரியர், மொழி, காலம் முதலியவற்றைக் கூறும் குறிப்பொன்று உண்டு. அதனை மெட்டாடேட்டா என்றும், தமிழில் மீதரவு என்றும் வழங்குவர். யாம் ஈண்டு எளிமை கருதி விவரக்குறிப்பு என்றே கூறுவோம். இக்குறிப்பு இருத்தல் மட்டும் போதாது. அது திரையில் எவ்வாறு காட்டப்படுகின்றது என்பதிலேயே அதன் பயன் முழுவதும் அடங்கியுளது. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலேம். எம் பிழையினாற் கற்றோம். அப்பிழையை மறையாது உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற கோடை விடுமுறையில், எம் கல்லூரி நூலகர் எம்மை அழைத்து, நூலகத்தின் கணினிக் களஞ்சியத்தில் விவரக்குறிப்புக்களைப் பதிவு செய்யும் பணியைத் தந்தனர். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர் என்னும் உரிமையால், தமிழ்ப்பகுதி எம் பங்காயிற்று. ஏறத்தாழ முந்நூறு பொருள்கள். திரையில் வரிசையாகக் கட்டங்கள் தோன்றும். ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பி, ஈற்றில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முதல்நாள் பத்துப் பொருள்களைப் பதிந்த யாம், இரண்டாம் வாரத்தில் நாளொன்றுக்கு நாற்பது பதிந்தேம். எம் விரைவை நூலகர் பாராட்டினர். யாமும் எம்மை மெச்சிக்கொண்டேம். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களை நிரப்பினோம். ஏனையவற்றை வெறுமையாக விடுத்தோம். விரைவின் இரகசியம் அதுவே.

அப்பொருள்களுள், மறைந்த பேராசிரியர் ஒருவரின் ஒலிப்பதிவுகள் 12 இருந்தன. யாம் கல்லூரியிற் சேருமுன்னரே அவர் உலக வாழ்வை நீத்தனர். நன்னூற் பாயிரத்தை அவர்போல் நடத்துவார் இலர் என்று மூத்த மாணவர் கூறக் கேட்டிருக்கின்றோம். அவ்வொலிப்பதிவுகள் கணினியில் 'விரிவுரை 1', 'விரிவுரை 2' என்னும் பெயர்களோடு கிடந்தன. யாம் அப்பெயர்களையே தலைப்புக் கட்டத்தில் இட்டு, ஆசிரியர் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, பன்னிரண்டையும் கால்மணிப் பொழுதில் முடித்துவிட்டு, தேநீர் அருந்தச் சென்றோம்.

நிற்க. எம் வகுப்பில் கண்பார்வை அற்ற தோழர் ஒருவர் உளர். அவர் செவியாலே நூல் கற்பவர். திரையில் உள்ளதை ஒலியாக மாற்றிக் கூறும் மென்பொருள் ஒன்றைத் தம் மடிக்கணினியில் வைத்துளார். என்.வி.டி.ஏ. எனப்படும் அம்மென்பொருளின் ஆக்கம், பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் இருவரால் 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதனை விலையின்றிப் பெறலாம். படப்பிரதியாக உள்ள பழைய நூல்கள் அவர்க்குப் பயன்படா, படம் பேசாதன்றோ? ஆகலின், தேர்வுக் காலத்தில் விடுதி மாணவர் மாறிமாறி அவர்க்குப் பாடங்களைப் படித்துக் காட்டுவர். நவம்பர்த் தேர்வில் நன்னூற் பாயிரத்தினின்று பெருவினா ஒன்று வந்தது. தேர்வு முடிந்து வெளியே வந்த அவர் முகம் வாடியிருந்தது. பொதுப்பாயிரம் எழுதியதாகவும், சிறப்புப்பாயிரம் படித்துக்காட்ட வேண்டிய நண்பர்க்கு அவ்விரவு காய்ச்சல் கண்டமையால், அப்பகுதியை அரைகுறையாகவே எழுதியதாகவும் கூறினர்.

யாம் சிறிதும் எண்ணாது, "பேராசிரியரின் ஒலிப்பதிவு நம் நூலகக் களஞ்சியத்தில் இருக்கின்றதே! ஏழாம் விரிவுரை முழுவதும் சிறப்புப்பாயிரமே. அதனை நீ கேட்டிருக்கலாமே," என்றேம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நான் பருவத் தொடக்கத்திலேயே நன்னூல் என்று தேடினேன், பாயிரம் என்றும் தேடினேன். ஒன்றும் இல்லை என்றே வந்தது. நீ சொல்வது உண்மையாயின், அப்பதிவு நூலகத்திற்கு இருந்தது, எனக்கு இல்லை," என்றார்.

அச்சொல் எம்மைச் சுட்டது. அப்பதிவுகளைக் களஞ்சியத்தில் வைத்தவர் யாமே என்பதை அப்பொழுது அவரிடம் கூற எமக்குத் துணிவு பிறந்திலது.

மறுநாள் மாலை, அவர் அறைக்குச் சென்று உண்மையைக் கூறினோம். அவர் சினந்திலர். "என் அருகில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உன் பக்கத்தைக் கேள்," என்று மட்டும் சொன்னார். கேட்டோம். முதலில் கல்லூரியின் பெயர். பின்னர்ப் பக்கத்தின் மேற்புறத்தில் உள்ள இணைப்புக்கள் இருபதிற்கு மேல். பின்னர் ஓர் அட்டவணை. அதன் முதல் வரியை அக்குரல், 'டிசி டாட் கான்ட்ரிபியூட்டர் டாட் ஆதர்' என்று ஒலித்தது. அது கணினி தன் வசதிக்கு வைத்துக்கொண்ட கட்டப்பெயர். ஆசிரியர் என்பதே அதன் பொருள். அதன்பின் பதிவு செய்த நாள், மணி, நொடி, நீண்டதோர் எண், ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் மொழிக்குறியீடு. தலைப்பு வந்தபொழுது அக்குரல் தடுமாறியது. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று உள்ளே குறிக்கப்பட்டிருந்தமையால், ஆங்கிலக் குரலே தமிழெழுத்தைப் படிக்க முயன்று, சொல்லாகக் கூறாது சிதைத்தது. ஈற்றில் எஞ்சியது 'ஏழு' என்னும் எண் ஒன்றே. தலைப்புக்களைத் தாவித்தாவிச் செல்ல அம்மென்பொருளில் ஒரு விசை உண்டு. எம் பக்கத்தில் தாவுதற்கேற்ற தலைப்பு ஒன்றேனும் அமைக்கப்பட்டிலது. கண்ணுடையார் ஒரு நோக்கில் விலக்கிவிடும் குப்பை முழுவதையும், செவியால் கற்பவர் ஒவ்வொன்றாகச் சுமந்து கழிக்க வேண்டியிருந்தது.

அன்றிரவு எமக்கு உறக்கம் வந்திலது. யாம் கற்ற நன்னூலே எம் நினைவில் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் வகுத்த சிறப்புப்பாயிர இலக்கணம் யாது? நூலின் பெயர் என்ன, அதனை இயற்றியவர் யார், எதனை வழியாகக் கொண்டது, எவ்வெல்லையுள் வழங்குவது, எவ்வகையாற் கட்டப்பட்டது, எப்பொருளைக் கூறுவது, அதனைக் கேட்டற்கு உரியார் யார், கேட்டலாற் பெறும் பயன் யாது என்னும் எட்டினையும் தெரிவிப்பதே சிறப்புப்பாயிரம். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இஃது இக்காலத்து விவரக்குறிப்பே அன்றோ? தேர்வின்பொருட்டு இவ்வெட்டினையும் மனப்பாடம் செய்த யாம், எம் கையில் 300 பொருள்கள் பாயிரம் வேண்டி நின்றபொழுது, அவற்றை வாயில்லாப் பொருள்களாக விட்டோம். கற்றது ஏட்டிலே நின்றது, கைக்கு வந்திலது.

இன்னுமொன்று காண்மின். நூல்செய்தவன் தானே தன் நூற்குச் சிறப்புப்பாயிரம் செய்தல் மரபன்று. அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரை வகுத்தவனோ செய்தல் வேண்டும். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது மரபு. அப்பாயிரம் வேங்கடத்திற்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலத்தை எல்லையாகக் கூறுகின்றது. நூல் அரங்கேறிய அவையையும் கூறுகின்றது. நூலுக்கும் கற்பார்க்கும் நடுவே நின்று, இருவரையும் அறிந்த ஒருவன் பேசுவதே பாயிரம். விவரக்குறிப்பு எழுதுவோனும் அத்தகைய நடுவனே. மறைந்த பேராசிரியர்க்கும் எம் தோழர்க்கும் நடுவே நின்றவர் யாம். ஆயினும் பேசாது நின்றோம்.

மேனாட்டார் இத்துறையிற் செய்த முயற்சியையும் யாம் பின்னர்ப் படித்தறிந்தோம். 1995ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்து டப்ளின் என்னும் ஊரில் அறிஞர் கூடி, இணையப் பொருள்கட்கு வேண்டும் விவரங்களை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் பயனாக உருவாகி, 'டப்ளின் கோர்' என அவ்வூர்ப் பெயராலே வழங்கும் தொகுதியில் 15 உறுப்புக்கள் உள. பெயர், ஆக்கியோன், பொருள், மூலம், எல்லை, மொழி, வடிவம், உரிமை முதலியன அவற்றுள் அடங்கும். பவணந்தியாரின் எட்டனுள் பலவற்றிற்கு ஈண்டு இணை காணலாம். ஆயின், 'கேட்போர்' என்பது அப்பதினைந்தனுள் இடம்பெற்றிலது. பின்னரே தனிச்சொல்லாகச் சேர்க்கப்பட்டது. கல்விப் பொருள்கட்கென்றே 2002ஆம் ஆண்டில் அமைந்த 'எல்.ஓ.எம்.' என்னும் மற்றொரு நெறி, கற்போரின் வயது, பாடத்தின் கடுமை, கற்றற்கு ஆகும் நேரம் என்பவற்றைத் தனியே கேட்கின்றது. கல்வியென்று வந்தவிடத்துக் 'கேட்போர்' இன்றியமையாதவர் என்பதை எல்லாரும் உணர்ந்தனர் போலும்.

நம் நாட்டு அறிஞரையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். சீர்காழியில் 1892இற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் பொழுதைக் காத்தல் வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. எம் பொழுதைக் காத்துக்கொண்டு, வாசகரின் பொழுதைச் செலவிட்டோம் யாம். கால்மணி நேரத்தில் யாம் ஈட்டிய மிகுதி, ஒருவர்க்கு ஒரு பருவம் முழுவதையும் இழப்பாக்கிற்று.

இனி, யாம் செய்த திருத்தங்களைச் சுருங்கக் கூறுவோம். நூலகரிடம் சென்று எம் பிழையை உரைத்து, தமிழ்ப்பகுதியை மீண்டும் செய்ய இசைவு வேண்டினோம். அவர் முதலில் தயங்கினர். "அவ்விவரங்கள் எல்லாம் நூலகத்திற்கு வேண்டுவன, தம்பி, எதனையும் அழித்தல் ஆகாது," என்றனர். அவர் கூற்று நேரியதே. பதிவுநாளும் நீண்ட எண்ணும் இல்லையேல் நூலகம் தன் உடைமையைக் காத்தல் அரிது. ஆகவே, எதனையும் அழித்திலேம். வரிசையை மட்டும் மாற்றினோம். சேமித்து வைத்தல் ஒன்று, காட்டுதல் மற்றொன்று என்பதை அன்று தெளிந்தோம். வீட்டில் பத்திரங்கள் பெட்டியுள் இருக்கும். வாயிலில் பெயர்ப்பலகை மட்டுமே தொங்கும்.

எதனை முற்படக் காட்டுவது என்பதை அறிய, முதலாண்டு மாணவர் ஐவரை ஒருவர்பின் ஒருவராகக் கணினிமுன் அமர்த்தி, ஒரு பாடத்தைத் தேடுமாறு கூறி, யாம் வாய்திறவாது அருகிருந்து நோக்கினோம். வாய்திறவாமையே கடினமான பகுதி. ஒருவர், பொருளைத் திறந்தபின்னரே அது காணொளி என அறிந்து, கைப்பேசியிற் செலவாகும் தரவை அஞ்சி உடனே மூடினர். மற்றொருவர், 'டிஸ்கிரிப்ஷன்' என்னும் சொல்லை விடுத்துக் கீழிறங்கித் தமிழெழுத்தையே தேடினர். 'சிலப்பதிகாரம்' என்று தமிழில் தேடிய ஒருவர்க்கு ஆங்கில எழுத்திற் பதிந்த படி கிட்டிலது. உ. வே. சாமிநாதையர் பெயர் ஆங்கிலத்தில் மூன்று வகையாக எழுதப்பட்டிருந்தமையால், அவர் பதிப்புக்கள் மூவர் செய்தன போல மூன்றிடத்துச் சிதறிக் கிடந்தன. தலைப்பெழுத்தும் இயற்பெயருமாக வழங்கும் நம் பெயர்களைக் குடும்பப்பெயரை முன்னிறுத்தும் கட்டங்களுள் திணித்தமையும் குழப்பத்திற்குக் காரணமாயிற்று.

இவற்றைக் கண்டபின் திரையை இவ்வாறு அமைத்தோம். முதலில், பொருளைத் தெளிவாகக் கூறும் தமிழ்த் தலைப்பு. அதன்கீழ் ஒரே வரியில், இஃது ஒலியோ, காட்சியோ, ஏடோ என்பதும், எத்தனை நிமிடம், எத்தனை மெகாபைட், எம்மொழி என்பனவும். அடுத்து, 'யார்க்கு' என்றொரு வரி. அதனையடுத்து, 'கேட்டபின் அறிவது' என்றொரு வரி. பின்னர் ஆசிரியர் பெயர். தமிழ் வடிவம் ஒன்று தலைமையாக நிற்க, ஏனை வடிவங்கள் தேடலுக்கு மட்டும் உள்ளே இருக்கும். எஞ்சியவை 'முழு விவரம்' என்னும் மடிப்பினுள் அடங்கின. கட்டப்பெயர்கள் யாவும் நடைத்தமிழாயின. பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே குறிக்கப்பட்டது. தாவுதற்குரிய தலைப்புக்களும் அமைந்தன. இவ்விரண்டனையும் கணினித்துறை மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் முடித்துத் தந்தனர்.

ஏழாம் விரிவுரை இப்பொழுது, 'நன்னூல்: சிறப்புப்பாயிரம் கூறும் எட்டுச் செய்திகள்' என்னும் தலைப்போடு நிற்கின்றது. அதன்கீழ், 'ஒலிப்பதிவு, 45 நிமிடம், 43 மெகாபைட், தமிழ்' என்றுளது.

இவ்வமைப்பிற்கு எமக்கு வழிகாட்டியது யாதெனின், எம் ஊர்த் திருச்சபையின் சுவரில் தொங்கும் பாட்டெண் பலகையே. அதனைச் சிறுவயது முதல் ஞாயிறுதோறும் கண்டிருக்கின்றோம். பாட்டின் ஆசிரியர், இராகம், இயற்றிய ஆண்டு என்பனவெல்லாம் புத்தகத்துள் இருக்க, பலகை கூறுவது எண் ஒன்றையே. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியும் அதனை நோக்கி உரிய பக்கத்தை எடுத்துவிடுவர். வேண்டும் பொழுதில், வேண்டுவார் கண்ணுக்கு எட்டும் அளவில், வேண்டியது மட்டும் நிற்றலே நல்ல காட்சியமைப்பு.

பணி முடிந்த அன்று, தோழரை அழைத்து அப்பக்கத்தைக் கேட்பித்தோம். மென்பொருள் தமிழ்க் குரலில் தலைப்பைக் கூறியது. அவர் புன்முறுவல் செய்து, பொத்தானை அழுத்தினர். மறைந்த பேராசிரியரின் குரல் அறையில் எழுந்தது. யாம் இருவரும் அவரை நேரிற் கண்டறியோம்; எனினும் 45 நிமிடம் அவர் வகுப்பில் அமர்ந்திருந்தோம். இடையே ஓரிடத்தில் பேராசிரியர் இருமி, தண்ணீர் பருகி, "எங்கே விட்டேன்?" என்று வினவ, வகுப்பில் ஒரு மாணவர் விடை கூறுவதும் கேட்டது.

முடிந்தபின் எம் தோழர், "நன்று. ஆனால் ஒரு பிழை உளது," என்றார். "கேட்டபின் அறிவது என்னுமிடத்தில், பாயிர இலக்கணம் முழுவதும் விளங்கும் என்று எழுதியிருக்கின்றாய். இவர் பொதுப்பாயிரத்தைத் தொடவே இல்லை. இதனை நம்பி ஒருவன் தேர்வுக்குச் சென்றால் என் கதியே அவனுக்கும் ஆகும்." அவர் கூறியது முற்றிலும் மெய். பதிவை முழுவதும் கேளாமலே அவ்வரியை எழுதியிருந்தோம். பழைய விரைவு எம்மை இன்னும் விட்டிலது. அன்றே அவ்வரியைத் திருத்தினோம். எஞ்சிய 11 பதிவுகளையும் இருவருமாக முழுவதும் கேட்டபின்னரே அவற்றின் பாயிரத்தை எழுதுவது என்று முடிவு செய்தோம். இதனை எழுதும் இந்நாளில் ஐந்து முடிந்துள, ஆறு எஞ்சியுள.

கல்லூரித் தோழர்காள், எம் நூலகக் களஞ்சியத்தில் பெயர் மட்டும் பூண்டு, முகமின்றிக் கிடக்கும் பொருள்கள் இன்னும் பல உள. அறிவியல் மாணவர்க்கு அறிவியற் பதிவுகளும், வரலாற்று மாணவர்க்கு வரலாற்றுப் பதிவுகளும் காத்திருக்கின்றன. ஒன்றைக் கேட்டு அல்லது படித்து முடித்தபின், அஃது யார்க்கு உரியது, அதனால் அறிவது யாது என்னும் இரண்டு வரிகளை எழுதி நூலகரிடம் தருவீராயின், அதுவே நும் பின்னே வருவார்க்கு நீவிர் செய்யும் பாயிரமாகும். வியாழக்கிழமை மாலைதோறும் யாமும் எம் தோழரும் நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருப்போம். வருக, ஆனால் விரைவாக முடித்துச் செல்லும் எண்ணத்தோடு வாரற்க.